ஏழாம் அறையின் நோயாளி

இர்பித்
மே 6

சுஹைலா அக்காவுக்கு,

பதினோரு தடவை போன் அடித்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. நாற்பத்தாறு வயதில், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சொந்த அக்காவுக்கு, அஜ்லூன் மினிபஸ் டிரைவரிடம் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. அபூ ஸக்ர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டரம்மா, வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்றார். எல்லாரும் நலம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பரீட்சை அன்று சாயங்காலம் நான் சொன்னது தப்புதான். "நடிக்கத் தெரியலன்னா வீட்ல உக்காந்து பள்ளிக்கூடச் சீருடை தை" என்று உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். ஆனால் விஷயம் இப்போது நம் இரண்டு பேர் சண்டையோடு நிற்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதையே நீயும் எழுதித் தர வேண்டியிருக்கும். எங்கள் கல்லூரியில் பிசியோதெரபி கடைசி வருட மாணவர்களை நடிப்பு நோயாளிகளை வைத்துத்தான் சோதிக்கிறோம். புத்தக அறிவை எழுத்துப் பரீட்சை சொல்லிவிடும். நோயாளி எதிரில் இருக்கும்போது எதைக் கேட்பது, எப்போது கை வைப்பது, எப்போது வைக்காமல் இருப்பது என்கிற நிதானம் இருக்கிறதா என்பதை இப்படித்தான் பார்க்க முடியும். அறைக்கு ஒரு நோயாளி, ஒரு மாணவர், எட்டு நிமிடம். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நாலு வருடமாக நீ தோள்வலிக்காரியாக, பக்கவாதக்காரியாகப் படுத்திருக்கிறாய். ஒரு தடவையும் பிசகியதில்லை.

இந்த வருடம் ஏழாம் அறையில் உனக்குக் கொடுத்தது நான் புதிதாக எழுதிய நோயாளி. நாற்பத்தாறு வயதுப் பெண், மூன்று நாளாக இடுப்பு வலி, இரண்டு காலிலும் இறங்குகிறது. இதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். மூத்திரம் தெரியாமல் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா? மாணவர் கேட்டால் நீ "ஆமாம்" சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்குகிறது; முதுகைத் தொடாமல் அந்த நிமிடமே அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். கேட்காமல் முதுகை இழுக்கப் போனால் அவர் தோற்றார்.

முதல் மூன்று பேரும் பெண்கள். கேட்டார்கள், நீ ஆமாம் என்றாய், சரியாக முடிந்தது. நாலாவதாக முஹன்னத் வந்தான். அவன் கேட்டான். நீ ஏதோ சொன்னாய். அவன் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு கதவைத் திறந்து வெளியே போய், அடுத்த முறைக்காக நாற்காலியில் காத்திருந்த ரகத் என்கிற பெண்ணை உள்ளே அனுப்பினான்! அவள் குனிந்து உன் காதில் பேசினாள், வெளியே போய் அவன் காதில் பேசினாள். அவன் திரும்பி வந்து "உடனே அறுவை சிகிச்சைக்கு" என்று எழுதினான்.

பரீட்சை அறைக்குள் இன்னொரு மாணவியைக் கூட்டி வந்து விடை வாங்கினான் என்று இரண்டு பேர் மேலும் புகார் போயிருக்கிறது. இருபத்தாறாம் தேதி விசாரணைக் குழு கூடுகிறது. காப்பியடித்தது என்று முடிவானால் முஹன்னத்துக்குப் பட்டம் கிடையாது, கல்லூரியை விட்டே போக வேண்டும். அன்று குளிர்சாதனத்தின் இரைச்சலில் உன் குரல் பதிவாகவில்லை. அதனால் நீ சொன்னதை நீயே எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. அரைப் பக்கம் போதும்.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

மைசூன்


அஜ்லூன்
மே 8

அன்புத் தங்கச்சி டாக்டர் மைசூனுக்கு,

அபூ ஸக்ர் வாசல்ல ஹாரனை அடிச்சு, தெருவே எட்டிப் பாக்கற மாதிரி உறையைக் கொடுத்துட்டுப் போனாரு. உன் மச்சான் அதைப் பாத்துட்டு "யாரு செத்தது?"ன்னு கேட்டாரு. எவளோட புத்தியோ செத்துப்போச்சுன்னு சொன்னேன்.

மன்னிப்பை வாங்கிக்கிட்டேன், ஆனா இன்னும் சாப்பிடல. தட்டுல அப்படியே இருக்கு. சீருடை தைக்கிறது ஒண்ணும் கேவலம் இல்லடீ. நீ ஸ்காட்லாந்துல போய்ப் படிச்சப்போ போட்டுட்டுப் போன கோட்டு யார் தச்சது?

இப்போ விஷயத்துக்கு வரேன். அரைப் பக்கம் எதுக்கு, அரை வரி போதும். அந்தப் பையன் கேட்டான். நான் "இல்ல"ன்னு சொன்னேன்.

ஆமா, நீ எழுதிக் கொடுத்த தாள்ல "ஆமாம்"னுதான் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியும். மூணு பொண்ணுங்க கேட்டப்போ பளிச்சுன்னு சொன்னேன். இவன் வந்தான். வந்ததும் கதவை ஒரு சாண் திறந்து வச்சான், என் காலடியில கிடந்த போர்வையை எடுத்து முழங்கால் வரைக்கும் போட்டுவிட்டான். உன் தாள்ல இதுக்கு மார்க் இருக்கா? அப்புறம் சுவத்தைப் பாத்துக்கிட்டே, காதெல்லாம் செவந்து, "சின்னம்மா, தப்பா நினைக்காதீங்க, பாத்ரூம் போறதுல ஏதாச்சும் மாறியிருக்கா? உக்கார்ற இடம் மரத்த மாதிரி இருக்கா?"ன்னு கேட்டான். தொண்டை வரைக்கும் "ஆமாம்" வந்துச்சு. வாய் "இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிருச்சு.

ஏன்னு எனக்கே தெரியல. எனக்கு அம்பத்திரண்டு வயசு, அவன் என் மூத்தவன் வயசு. எந்தப் பொம்பளை சொல்லுவா? அவன் நம்பல. என் மூஞ்சியைப் பாக்கல அவன், என் கையைப் பாத்தான். நான் போர்வை ஓரத்தைப் புடிச்சுச் சுருட்டிக்கிட்டு இருந்தேன் போல. "சின்னம்மா, ஒரு பொண்ணை அனுப்பறேன். அவகிட்ட சொல்லுங்க. நான் வெளியில நிக்கறேன்"ன்னான். ஆஸ்பத்திரியா இருந்தா நர்ஸைக் கூப்பிட்டிருப்பான். உன் ஏழாம் அறையில நர்ஸ் இல்லையே! கிடைச்ச பொண்ணைக் கூப்பிட்டான். அந்தப் பொண்ணு என்கிட்ட கேட்டா, நான் ஆமான்னு சொன்னேன். அவ எனக்கு விடை சொல்லல, நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

அவன் காப்பியடிக்கல. அதுதான் நடந்தது, அதைத்தான் எழுதித் தருவேன்.

உம்மா நல்லா இருக்கா. ஸலாம் சொன்னேன். "ஸலாமை மட்டும் அனுப்பறாளே, கால் வலிக்குதா?"ன்னு நக்கல் பண்ணினா. சக்கர நாற்காலியில உக்காந்திருக்கறவ கேக்கற கேள்வியைப் பாரு. தினம் காலையில அவ காலை நீட்டி மடக்கி விடறது நான். இர்பித்ல பாதி ஜனத்துக்குக் காலைப் புடிச்சு விடற நீ, பெத்தவ காலை ஒரு நாளாவது தொட்டிருக்கியா? மனசுல இருந்துச்சு, எழுதிட்டேன்.

எண்ணெயில ஊறின லப்னா தயிர் உருண்டை ஒரு ஜாடி வச்சிருக்கேன். எண்ணெய் சிந்தாம வாங்கிக்க.

சுஹைலா


இர்பித்
மே 9

அக்கா,

நீ எழுதியதைப் படித்ததும் கிழித்துவிட்டேன். அப்படி ஒன்றை யாரிடமும் சொல்லாதே.

உனக்குப் புரியவில்லை. தாளில் இருப்பதை நோயாளி மாற்றிச் சொன்னாள் என்று தெரிந்தால் அந்த ஒரு அறை மட்டும் போகாது. அன்று எழுதிய நாற்பத்து நாலு பேருடைய பரீட்சையும் செல்லாது. ஆறு வருடமாக நான் கட்டியது. "பொம்மை விளையாட்டு" என்று சிரித்தவர்கள் எல்லாரும் இருபத்தாறாம் தேதி அதே மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சைக்குத் தன் அக்காவையே படுக்க வைத்தாள், அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்பார்கள்.

நீ "ஆமாம்" என்று சொன்னதாக எழுது. உன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. முஹன்னத் புத்திசாலி, வேறு கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொள்வான்.

லப்னா வந்தது. எண்ணெய் சிந்தியிருந்தது.

மைசூன்


அஜ்லூன்
மே 13

மைசூன்,

"வேற கல்லூரியில சேந்துக்குவான்." இதை எழுதும்போது உன் கை கூசலையா? காப்பியடிச்சவன்னு முத்திரை குத்தி அனுப்பினா எவன் சேத்துக்குவான்? எனக்கு வந்த ஆத்திரத்துல ரெண்டு சட்டைக்குக் காலரை மாத்தித் தச்சுட்டேன்.

நேத்து நடந்ததைக் கேளு. மத்தியானத் தொழுகை முடிஞ்சு நான் முலூக்கியா கீரையை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன், வாசல்ல மூணு கார் வந்து நிக்குது. தைர் அல்லாங்கற ஊர்லேருந்து ஏழு பேர். வெள்ளைத் தாடி, சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி, மேலே அங்கி. முஹன்னத்தோட தாத்தா, மாமன், சித்தப்பன்னு ஒரு பஞ்சாயத்தே வந்துருச்சு. உன் மச்சான் பனியனோட இருந்தாரு, ஓடிப்போய்ச் சட்டை போட்டாரு. பெரியவங்க இப்படிக் கூட்டமா வந்தா கல்யாணப் பேச்சு, இல்லன்னா கொலைக் குத்தம். நம்ம வீட்ல கட்டிக் கொடுக்கப் பொண்ணு இல்லையே, நாம யாரைக் கொன்னோம்னு அடுப்படிக் கதவிடுக்குல எட்டிப் பாத்தேன்.

மச்சான் காபி ஊத்தினாரு. பெரியவர் முதல் கோப்பையை வாங்கித் தரையில வச்சுட்டாரு. வந்த காரியம் ஆகாம குடிக்க மாட்டாங்க, உனக்குத் தெரியும். அவர் சொல்றாரு: "எங்க பையன் உங்க வீட்டு அம்மாகிட்ட கேக்கக் கூடாததைக் கேட்டுட்டான். படிச்ச பய, வெக்கம் தெரியாமப் போச்சு. அவங்க மனசு நொந்து புகார் கொடுத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டோம். அந்த அவமானத்துக்கு மன்னிப்புக் கேட்டு வந்திருக்கோம். என்ன சொன்னாலும் கட்டுப்படறோம்."

அட ஆண்டவனே! அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு பாத்தியா? பையன் அப்படி ஒரு கேள்வி கேட்டதாலதான் கல்லூரியில பிரச்சனைன்னு நினைச்சுக்கிட்டாங்க. உன் மச்சான் பேந்தப் பேந்த முழிச்சு அடுப்படிப் பக்கம் பாக்கறாரு. என்னால சும்மா இருக்க முடியல. கையில கீரைத் தண்டோட வெளியில வந்துட்டேன். "பெரியவரே, உங்க பையன் கேட்டது தப்பு இல்ல. கேட்டது மரியாதையா கேட்டான். கேட்டிருக்கலன்னாதான் தப்பு. பதில் சொல்லாம விட்டது நான். அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன், எழுதியும் தருவேன். காபியைக் குடிங்க"ன்னேன்.

ஏழு பேரும் குடிச்சுட்டாங்க, மைசூன். இனிமே நான் பேச்சு மாற முடியாது. நீ நாற்பத்து நாலு பேப்பரைக் காட்டு, நானூறு பேப்பரைக் காட்டு.

அவங்க போன பிறகு உக்காந்து யோசிச்சேன். ஏன் "இல்ல"ன்னு சொன்னேன்னு நீ ஒரு தடவை கூடக் கேக்கல. நானே சொல்றேன். நீ தாளைக் கொடுத்தப்போ ராத்திரி படிச்சேன். நாற்பத்தாறு வயசு. ஆலையில ஆலிவ் மூட்டையைத் தூக்கினதுல இடுப்புப் புடிச்சுக்கிச்சு. மூணு நாளா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்கிறா. பேரை மட்டும் மாத்தியிருந்த. அது யாருடீ? நம்ம உம்மாவை எழுதிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, என்னையே அவளா படுக்க வச்சிருக்க!

அந்தப் படுக்கையில நான் நடிக்கவே இல்ல. முதல் மூணு பொண்ணுங்க வரைக்கும் நான் சுஹைலாவா இருந்தேன். அந்தப் பையன் காது செவந்து நின்னப்போ நான் உம்மாவாயிட்டேன். அவ என்ன சொல்லியிருப்பாளோ அதைச் சொன்னேன். உம்மாவுக்கு முடியாமப் போனப்போ நான் புதுசாக் கல்யாணமாகி ஸர்க்காவில இருந்தேன். நீதான் அவகூடப் போன. பதினாலு வயசு உனக்கு. அந்தத் தெரபிக்காரன் ஒண்ணுமே கேக்காம முதுகைப் புடிச்சு இழுத்துட்டான், ரெண்டு காலும் போச்சுன்னு வாப்பா சொன்னாரு. சாகற வரைக்கும் அவனைச் சபிச்சாரு. நாமளும் முப்பத்திரண்டு வருஷமா சபிக்கறோம்.

அவன் ஒருவேளை கேட்டிருந்தா? உம்மா சொல்லியிருப்பாளா? நேத்துலேருந்து இதே யோசனை. உன்னைத் தவிர யாரைக் கேப்பேன்?

சுஹைலா


இர்பித்
மே 16

அக்கா,

மூன்று தாள் எழுதிக் கசக்கிப் போட்டாயிற்று. இதையும் அனுப்புவேனா என்று தெரியவில்லை.

அவர் கேட்டார்.

அவர் பெயர் நபீல். இருபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கோட்டு அவருக்குப் பெரிதாக இருந்தது. சுகாதார நிலையத்தில் பின்னறை, ஒரு படுக்கை, ஒரு திரை. உம்மா படுத்திருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். என் கை உம்மா கைக்குள் இருந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். முஹன்னத் கேட்ட மாதிரியேதான். உம்மா, "இல்ல மகனே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். அவளுக்கு வலி அதிகமாகி என் கையை இறுக்கினாள், மோதிரம் என் விரலில் பதிந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்கா, எனக்குத் தெரியும். அன்று விடிகாலை உம்மாவின் படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. வாப்பா எழுவதற்குள் நான்தான் அதைச் சுருட்டிக் கொல்லையில் அலசிப் போட்டேன். உம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த அறையில் அவர் கேட்டபோது, "இல்ல" என்பது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை. அவர் உம்மா சொன்னதை நம்பினார், இடுப்பில் பட்டையைக் கட்டி இழுத்தார். மறுநாள் உம்மா எழுந்திருக்கவில்லை.

வாப்பா கோடாலிக் காம்போடு அவரைத் தேடிப் போனார். அவர் ஊரை விட்டு ஓடினார். அவன் கேட்கவே இல்லை என்று வாப்பா ஊரெல்லாம் சொன்னார். அவர் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. பிறகு எல்லாரும் அதையே நம்பினார்கள். ரொம்ப நாள் கழித்து நானும் நம்ப ஆரம்பித்தேன். நபீல் இப்போது மஃப்ரக்கில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு தடவை கடை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

நான் கட்டிய பரீட்சை முழுவதும் இதற்குத்தான். மாணவர்கள் கேட்கிறார்களா, கேட்கிறார்களா என்று ஆறு வருடமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் "ஆமாம்" என்று சொல்கிற ஒரு உம்மாவை நானே எழுதி வைத்துக்கொண்டேன். அப்படி ஒரு உம்மா கிடையாது. நீ "இல்ல" என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ போர்வையைச் சுருட்டியது தெரிந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். முஹன்னத் காப்பியடிக்கவில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் புகாரில் கையெழுத்துப் போட்டேன். அவன் செய்தது சரி என்றால், கேட்டாலும் ஒரு பெண் மறைப்பாள் என்று ஒப்புக்கொண்டதாகும்; அப்போது நபீல் மேல் தப்பில்லை, நான் சும்மா நின்றது மட்டும்தான் தப்பு என்று ஆகிவிடும்.

உம்மா காலை ஏன் தொடுவதில்லை என்று கேட்டாயே. இதுதான் பதில்.

மைசூன்


அஜ்லூன்
மே 17

கடிதம் கிடைச்சது. என்னால பதில் எழுத முடியல. கொஞ்ச நாள் விடு.


அஜ்லூன்
மே 22

மைசூன்,

மூணு நாள் உன்மேல இருந்த கோவத்துல யார்கிட்டயும் பேசல. உன் மச்சான் பயந்துபோய் அவரே டீ போட்டுக் குடிச்சாரு. ஒரு மனுஷனை ஊரை விட்டுத் துரத்தியிருக்கோமேடீ! வாப்பாவைப் புதைச்ச கப்ருக்குப் போறப்பல்லாம் நானும் சேந்து சபிச்சிருக்கேன். பதினாலு வயசுப் பொண்ணை என்னன்னு சொல்றது? ஆனா நாப்பத்தாறு வயசுல அதையே இன்னொரு பையனுக்குச் செய்யப் பாத்தியே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

முந்தாநாள் காலையில உம்மா காலை நீவிக்கிட்டு இருந்தேன். "என்ன, மூஞ்சி மூணு நாளா வீங்கிக் கிடக்கு?"ன்னு கேட்டா. உன் கடிதத்தை எடுத்து முழுக்கப் படிச்சுக் காட்டிட்டேன். எனக்கு அந்த உரிமை இருக்கோ இல்லையோ, படிச்சுட்டேன்.

கடைசி வரைக்கும் கேட்டா. அப்புறம் அந்த மோதிரம் இருக்கற விரலைத் தடவிக்கிட்டே சொல்றா: "வலியில இறுக்கினேன்னா எழுதியிருக்கா? வலியில இல்லடீ. அவ வாயைத் திறந்துட்டா. எனக்குத் தெரிஞ்சுது, சொல்லப் போறான்னு. வாயை மூடுன்னு நெரிச்சேன். மோதிரம் பதியற அளவுக்கு நெரிச்சேன்."

ஏன் உம்மா இத்தனை வருஷமா அவகிட்ட சொல்லலன்னு கேட்டேன். "அவ எப்பவாவது என் பக்கத்துல உக்காந்தா சொல்லலாம்னு இருந்தேன். வாசல்ல நின்னு நலம் விசாரிச்சுட்டுப் போறவகிட்ட என்னத்தைச் சொல்ல?"ன்னா. அப்புறம் போர்வையை இழுத்து மூடிக்கிட்டு அழுதா. என் உம்மா அழுது நான் பாத்தது ரெண்டாவது தடவை.

நான் எழுதித் தரவேண்டியது இதோட இருக்கு. "கேட்டான், இல்ல என்றேன், அது பொய்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நேர்ல வர முடியாது, உம்மாவை விட்டுட்டு வர ஆள் இல்ல. குழுகிட்ட கொடுக்கறதும் கிழிக்கறதும் உன் பாடு. கிழிச்சா இந்த வீட்டுப் படி ஏறாத.

சுஹைலா


இர்பித்
மே 27

அக்கா,

கிழிக்கல. கொடுத்துட்டேன்.

என்ன நடந்ததுன்னு நீ பேசற மாதிரியே எழுதறேன். வேற மாதிரி எழுத வரல.

நீளமான மேசை, பச்சைத் துணி. நாலு ஆம்பளைங்க, தலைவர் டாக்டர் ஃபாயிஸ். ஓரத்துல குறிப்பைத் தட்டச்சு பண்ற வஃபீகா அம்மா. எதிர்ல முஹன்னத்தும் ரகத்தும். பையன் தாத்தாவோட கோட்டைப் போட்டுக்கிட்டு வந்திருந்தான் போல, கை முழுக்க மூடியிருந்தது. உன் தாளைத் தலைவர் சத்தமா படிச்சாரு. நான் எழுந்து, புகார்ல கையெழுத்துப் போட்டது தப்பு, இந்தப் பையன் செஞ்சதுதான் சரின்னு சொன்னேன்.

தலைவருக்குக் கோவம். "உங்க அக்கா தப்பா நடிச்சிருக்காங்க. நோயாளி இல்லன்னு சொன்னா இல்லதானே? உயிர் போற விஷயத்துல ஒரு பொம்பளை பொய் சொல்லுவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டாக்டர்?"

"அனுபவத்துல தெரியும்"னேன்.

"என்ன அனுபவம்?"

அக்கா, எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். விரிப்பு நனைஞ்சது, கொல்லையில அலசினது, எல்லாம். நாலு பேரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க. என் உம்மா மூத்திரத்தைப் பத்தி அந்த நாலு பேருக்கு முன்னால பேசணும். என் வாய்லேருந்து என்ன வந்துச்சு தெரியுமா? "ஒண்ணுமில்ல. சும்மா பொதுவாத்தான் சொன்னேன்."

தலைவர் பேனாவை மூடி வச்சாரு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்போ முஹன்னத் எழுந்து நின்னான். அவன் என் மூஞ்சியைப் பாக்கல. மேசை மேல பாத்தான். நான் பச்சைத் துணி ஓரத்தைப் புடிச்சுச் சுருட்டிக்கிட்டு இருந்தேன்.

"ஐயா, மன்னிக்கணும்"னான். காது செவந்து போச்சு. "நாம ஆம்பளைங்க அஞ்சு பேரும் கொஞ்ச நேரம் வெளியில நின்னா நல்லது. வஃபீகா அம்மா கேக்கட்டும்."

"உக்காருப்பா! உன் வழக்கே இதுதான், இங்கயும் அதையே பண்றியா?"ன்னு தலைவர் சத்தம் போட்டாரு. சொல்லி முடிச்சதும் அவருக்கே என்னமோ உறைச்சிருக்கணும், என் கையைப் பாத்தாரு. அந்த நாலு பேர்ல வயசானவர்தான் முதல்ல தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கிட்டு எழுந்து வெளியில போனாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா போனாங்க. முஹன்னத் கடைசியாப் போய்க் கதவை ஒரு சாண் திறந்து விட்டான்.

வஃபீகா அம்மாவுக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல. ரகத்துதான் என் பக்கத்துல வந்து உக்காந்தா. "யாரு டாக்டர் அது?"ன்னு கேட்டா. சொல்லிட்டேன். விரிப்புலேருந்து நபீலோட கடை வரைக்கும், மோதிரத்தையும் சேத்து. அழுதுகிட்டே சொன்னேன். பாதியில வஃபீகா அம்மா தட்டச்சை நிறுத்திட்டு, "இதெல்லாம் எழுதணுமாம்மா?"ன்னாங்க. எழுதுங்க, எல்லாத்தையும் எழுதுங்கன்னேன்.

முஹன்னத் மேலயும் ரகத் மேலயும் இருந்த புகாரை எடுத்துட்டாங்க. பரீட்சை செல்லாது, நாற்பத்து நாலு பேரும் செப்டம்பர்ல திரும்ப எழுதணும். அதை நடத்தப் போறது நான் இல்ல. தெரிஞ்சே பொய்ப் புகார் கொடுத்ததுக்கு என்மேல தனி விசாரணை வருது. வரட்டும். பசங்க வராண்டாவுல என்னைப் பாத்துத் திட்டறாங்க, அவங்க கோவம் நியாயம்தான். முஹன்னத் மட்டும் வந்து, "டாக்டர், செப்டம்பர்ல ஏழாம் அறையில ஒரு நர்ஸைப் போடச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போனான்.

மஃப்ரக்குக்கு அடுத்த வாரம் போறேன். இந்தத் தடவை கடைக்குள்ள போவேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ல அஜ்லூன் வரேன். அபூ ஸக்ர்கிட்ட இடம் சொல்லிட்டேன். அன்னிக்குக் காலையில நீ உம்மா காலைத் தொடாத. நான் வந்து நீட்டி மடக்கி விடறேன். நீ அடுப்படியில இரு, கதவைச் சாத்திக்க.

மைசூன்